கையை விட்டால் கவிழும் வண்டி: சிமியுலேட்டர் ஹெலியும் அதன் ஒட்டோபைலட்டும்

கொம்பியூட்டரில் ஹெலிகொப்டர் ஓட்டுகிற பொடியன்மாரிடம் ஒரு பொது முறைப்பாடு இருக்கு. "ஒட்டோபைலட்டைப் போட்டா ஹெலி என்னோட சண்டைக்கு வருது" என்பார்கள். வலப்பக்கம் திருப்பினால் அது பழைய திசைக்கே இழுக்கும். உயரத்தைப் பிடி என்று சொன்னால் வேகத்தைக் கோட்டை விடும். கொஞ்ச நேரம் ஒழுங்காகப் பறந்துவிட்டு, திடீரென்று ஒரு பக்கம் சாயும். விமானத்தில் இதே பட்டனை அமத்திவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரலாம். ஹெலியில் போட்டால் இரண்டு உள்ளங்கையும் வேர்க்குது. விளையாட்டைச் செய்தவன் விட்ட பிழை என்றுதான் பெரும்பாலும் முடிவு கட்டுவார்கள். சில இடத்தில் அது சரியும்தான். ஆனால் நிறைய இடத்தில், அந்த இயந்திரம் நிசத்தில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியேதான் திரையிலும் நடக்கிறது. எங்களுக்குப் பிழையாகத் தெரிவதற்குப் பின்னால் நூறு வருசத்துக் கதை ஒன்று இருக்கு. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

பாலாவியில் இருந்து இதை எழுதுவதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. கொழும்பு–புத்தளம் வீதியில் கற்பிட்டிக்குத் திரும்புகிற சந்திதான் எங்கட ஊர். உப்பளம், சீமெந்துத் தொழிற்சாலை, விமானப்படை முகாம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். பத்திரிகைகள் உலங்குவானூர்தி என்று எழுதும். ஊரில் எல்லாருக்கும் அது ஹெலி. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த வீட்டுப் பெரியாக்களுக்கு ஹெலிச் சத்தம் என்றால் கூரைக்கு மேலே சுற்றுகிற ஒன்று, பதுங்கு என்ற ஒரு கட்டளை. அதே வீட்டுப் பிள்ளைக்கு அது வெள்ளத்தில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவருகிற சத்தம், இல்லாவிட்டால் ஹெட்போனுக்குள்ளே கேட்கிற விளையாட்டு. முன்னறையில் ஸ்பீக்கரில் போட்டால் உள்ளே இருந்து "அதைக் குறை" என்று உம்மாவின் குரல் வரும். ஏன் என்று எங்கட வயசில் யாரும் கேட்பதில்லை.

புத்தளத்துக்கும் விமானத்துக்கும் உள்ள தொடர்பு அதைவிடப் பழையது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவுக்குப் புத்தளத்தில் ஒரு தளம் இருந்தது. தரையில் இருக்கிற தளத்துக்கும் கப்பல் பெயர் வைப்பது அவர்களுடைய வழக்கம். இதற்கு வைத்த பெயர் எச்.எம்.எஸ். ராஜாலிய, சிங்களத்தில் கழுகு. கப்பலில் இருந்து எழும்பும் கோர்செயார் சண்டை விமானங்கள் இங்கே வந்து நின்றன. மழைக்கு ஓடுபாதையோரம் சேறாகிப் போனால் விமானத்தை இழுத்தெடுக்க யானையைக் கட்டினார்கள். அந்தக் காலத்தின் மிக நவீனமான எஞ்சினுக்கு முன்னால் எங்கட காட்டு யானை நின்றதை நினைக்க எங்களுக்கு இன்னும் சிரிப்பும் பெருமையும் வருது.

அந்தப் போருக்கு முன்னமே விமானத்தில் ஒட்டோபைலட் வந்துவிட்டது. 1914 ஜூன் 18 அன்று, பரிசுக்குப் பக்கத்தில் சேன் ஆற்றுக்கு மேலே, லோரன்ஸ் ஸ்பெரி என்ற அமெரிக்க இளைஞன் தன் விமானத்தை ஓட்டியபடியே இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினான். கூட வந்த மெக்கானிக் எமில் கஷான் எழும்பி இறக்கையின் மேலே நடந்துபோனான். விமானம் சாயவில்லை. சுழன்றுகொண்டிருக்கும் பம்பரம் தன் நிலையை விட்டுக்கொடுக்காது என்ற உண்மையை வைத்து ஸ்பெரியின் தகப்பன் பிள்ளை இரண்டு பேரும் செய்த கருவி அது. கரையில் நின்ற சனத்துக்கு அது வித்தையாகத் தெரிந்திருக்கும். ஆனால் விமானத்தின் சுபாவமே அந்தக் கருவிக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்தது என்பதைக் கவனிக்க வேணும். ஒழுங்காகச் செய்த விமானம் கையை விட்டாலும் கொஞ்ச நேரம் தானாக நேரே போகும். வால் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

சிமியுலேட்டர் பிறந்த கதை இன்னும் சுவாரசியம். எட்வின் லிங்க் என்பவரின் தகப்பன் நியூயோர்க் மாநிலத்தில் பியானோ, ஓர்கன் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தவர். ஓர்கனுக்குக் காற்றடிக்கிற துருத்திகளை எடுத்து ஒரு சின்னப் பெட்டி விமானத்தின் அடியில் பொருத்தி, 1929 இல் மகன் செய்ததுதான் லிங்க் ட்ரெய்னர். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் வாங்கின. விமானப் படை திரும்பியும் பார்க்கவில்லை. 1934 இல் அமெரிக்காவில் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு இராணுவத்திடம் போனது. பனிமூட்டத்திலும் இருட்டிலும் பறக்கப் பழகாத இளம் விமானிகள் சில வாரத்துக்குள் வரிசையாக மோதிச் செத்தார்கள். அப்போதுதான் இராணுவம் லிங்கைக் கூப்பிட்டது. அவர் வரவிருந்த நாளில் மூட்டம் மூடிக்கிடந்தது; இனி வரமாட்டார் என்று அதிகாரிகள் எழும்பிப் போக வெளிக்கிட்ட நேரத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டு லிங்க் வந்து இறங்கினார் என்று சொல்வார்கள். ஆறு பெட்டிகள் வாங்கினார்கள், ஒன்று 3,500 டொலர். போர் முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட விமானிகள் அந்தப் பெட்டியில் பழகினார்கள்.

ஆகவே ஒட்டோபைலட்டும் சிமியுலேட்டரும் ஒரே பயத்தில் வளர்ந்த பிள்ளைகள். கண் தெரியாமல் பறக்கிற பயம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வேண்டிவரும்.

இனி ஹெலி. ஈகோர் சிகோர்ஸ்கியின் விஎஸ்-300 இயந்திரம் 1939 செப்டெம்பர் 14 அன்று முதல் முதலாக நிலத்தை விட்டு எழும்பியது. எழும்பியது என்று சொல்வது மரியாதைக்கு. கயிற்றால் கட்டி, பாரம் தொங்கவிட்டுத்தான் எழுப்பினார்கள். காரணம் இருக்கு. உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். அது சாயத் தொடங்கினால் கையை அந்தப் பக்கம் கொண்டுபோக வேணும். கொண்டுபோனால் மற்றப் பக்கம் சாயும். ஓரிடத்தில் மிதந்து நிற்கிற ஹெலியும் அப்படித்தான். சின்னதாகச் சாய்ந்தால் அந்தப் பக்கம் நகரும். நகர்ந்தால் ரோட்டரில் படுகிற காற்று மாறி எதிர்ப்பக்கம் சாய்க்கும். ஊஞ்சல் மாதிரி ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாகும். கையை விட்டால் சில நொடிதான். அதோடு, வலது கையில் சாய்க்கிற தடி, இடது கையில் ஏற்றி இறக்குகிற தடி, கால் இரண்டிலும் பெடல். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் திருத்த வேணும். விமானத்தின் ஒட்டோபைலட் விமானிக்கு ஓய்வு கொடுக்கப் பிறந்தது. ஹெலியின் ஒட்டோபைலட் ஹெலியை நிற்கவைக்கப் பிறந்தது. பெயர் ஒன்று, பிழைப்பு வேற.

அதற்கு முதல் விடை மின்சாரமோ கொம்பியூட்டரோ இல்லாமல் வந்தது. ஆர்தர் யங் என்ற மனிதர் பென்சில்வேனியாவில் ஒரு பழைய களஞ்சியக் கொட்டிலில் சின்னச் சின்ன மாதிரி ஹெலிகளைச் செய்து உடைத்துக்கொண்டிருந்தார். ரோட்டர் அலகுகளுக்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் பாரம் வைத்த ஒரு கம்பியைச் சுழலவிட்டால், உடல் சாய்ந்தாலும் அந்தக் கம்பி கொஞ்ச நேரம் பழைய நிலையிலேயே சுழலும், அது அலகுகளையும் இழுத்துப் பிடித்து ஆட்டத்தை அடக்கும் என்று கண்டுபிடித்தார். 1941 இல் பெல் நிறுவனத்துக்குப் போனார். அந்தக் கம்பியோடு வந்த பெல் 47 தான் 1946 மார்ச் 8 அன்று உலகிலேயே முதலாவதாகப் பொதுமக்கள் பாவனைக்கு அனுமதிப் பத்திரம் பெற்ற ஹெலி. யங் பின்னாளில் ஹெலியை விட்டுவிட்டுத் தத்துவ நூல்கள் எழுதப் போய்விட்டார். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இந்த இடத்தில் ஒரு சின்னச் சந்தோசம், மன்னிக்க வேணும்.

உண்மையான ஒட்டோபைலட்டை ஹெலிக்குள் கொண்டுவந்தது கடல். 1950களில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஹெலியை அனுப்பினார்கள். கடலுக்கு மேலே சுமார் 40 அடி உயரத்தில் அசையாமல் நின்று, கேபிளில் சோனார் கருவியைத் தண்ணிக்குள் இறக்கி, காது கொடுத்துக் கேட்க வேணும். பகலில் சரி. இரவில், நிலவில்லாத கடலுக்கு மேலே, எதைப் பார்த்து நிற்பது? கீழேயும் கறுப்பு, மேலேயும் கறுப்பு. எங்கட களப்பில் இரவில் தோணியில் போனவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிகோர்ஸ்கி செய்த கடற்படை ஹெலிகளில் டொப்ளர் ராடார் வைத்து, தண்ணிக்கு மேலே எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, ஒட்டோபைலட்டிடம் கொடுத்தார்கள். சோனாரை இறக்கிய பிறகு இன்னும் அழகான ஒரு வேலை: தொங்குகிற கேபிள் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை வைத்தே ஹெலி தன்னைத் திருத்திக்கொள்ளும். தூண்டில்காரன் நரம்பின் சரிவைப் பார்த்துத் தோணியைத் திருப்புகிற மாதிரி. 1959 இல் முதல் தடவை பறந்த சீ கிங் இந்தப் பரம்பரையின் பெரிய பெயர். எங்கட பக்கத்துக் கடலுக்கும் அது வந்தது: இந்தியக் கடற்படை 1971 இல் கொச்சியில் தன் முதல் சீ கிங் அணியைத் தொடங்கியது.

எங்கட விமானப்படையின் கதை எளிமையாகத்தான் தொடங்கியது. 1950களில் வந்த முதல் ஹெலியான வெஸ்ட்லண்ட் டிராகன்ஃபிளையில் விமானியின் கைதான் எல்லாம். 1957 பெருவெள்ளத்தில் சனத்தைக் காப்பாற்றியது அந்தக் கைகள். பிறகு வந்த பெல்களில் இன்றுவரை உழைக்கிறது பெல் 212. போரிலும் அதுதான், வெள்ளத்திலும் அதுதான். 2025 நவம்பர் 30 அன்று டித்வா புயல் நிவாரணத்தில் இருந்த ஒரு பெல் 212 எங்கட மாவட்டத்திலேயே, லுணுவிலவில் விழுந்து அதன் விமானி உயிரிழந்தார். 1990களில் ரஷ்ய எம்ஐ-17 வந்தது. இந்த இரண்டு பெயரையும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விளையாட்டில் பொடியன்மார் தேடுவதும் இந்த இரண்டின் சொந்தக்காரரைத்தான்.

விளையாட்டுக்குள் ஹெலி நுழைய நெடுநாள் எடுத்தது. புரூஸ் ஆர்ட்விக் 1979–80 இல் அப்பிள் கணினிக்குக் கோடுகளால் ஒரு விமானச் சிமியுலேட்டர் எழுதினார். 1982 இல் அது மைக்ரோசொஃப்ட் பெயரில் வந்தது. அதில் ஹெலியைக் காண 1997 வரை, ஃபிளைட் சிமியுலேட்டர் 98 வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தது பெல் 206 ஜெட்ரேஞ்சர். 2020 ஓகஸ்டில் அதே நிறுவனம் உலகம் முழுவதையும் செய்மதிப் படமாக உள்ளே அடக்கிக்கொண்டு புதிய பதிப்பை வெளியிட்டது. கற்பிட்டிக் கரையையும் அதில் பார்க்கலாம். ஹெலி மட்டும் இல்லை! 2022 நவம்பரில்தான் இரண்டு சேர்த்தார்கள். உலகத்தையே உள்ளே போட முடிந்தவர்களுக்கு ஒரு ரோட்டரைப் போட இரண்டு வருசம். விமானத்தின் இறக்கை ஒரு பக்கமாகத்தான் காற்றை வெட்டும். ரோட்டரின் அலகு ஒரு சுற்றுக்குள் காற்றுக்கு எதிரே ஒரு தரம், காற்றோடு ஒரு தரம் போய் வரும். கணக்கு அங்கேதான் கனக்கிறது. காசில்லாதவர்களுக்கு ஃபிளைட்கியர் இருக்கு. இலவசம், திறந்த மூலம், பழைய கணினியிலும் ஓடும், அதிலும் ஜேர்மன் போ 105 ஹெலி உண்டு.

ஒட்டோபைலட்டோடு சண்டை பிடிக்கிற விளையாட்டு என்று பெயர் எடுத்தது 2008 இல் வந்த டி.சி.எஸ். பிளாக் ஷார்க். ரஷ்யாவில் வளர்ந்த ஈகிள் டைனமிக்ஸ் செய்தது. அதில் வருகிற கா-50 ஒரு விசித்திரப் பிராணி: ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர், வால் ரோட்டர் இல்லை, சண்டை ஹெலியாக இருந்தும் ஒரே ஒரு ஆள். ஓட்டுவதும் அவன், சுடுவதும் அவன். அதனால் ஒட்டோபைலட் இல்லாமல் அவனால் முடியாது. பக்கச் சாய்வு, மூக்கின் ஏற்ற இறக்கம், திசை, உயரம் என்று நாலு பட்டன். நாலையும் போட்டால் ஹெலி கடைசியாகச் சொன்ன நிலையைப் பிடித்துக்கொள்ளும். இங்கேதான் முறைப்பாட்டின் முதல் முடிச்சு. நீங்கள் தடியைச் சாய்த்துத் திரும்புகிறீர்கள். "இவன் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறான், நான் பிடித்து வைத்ததை விடக்கூடாது" என்று அது எதிர்க்கும். ட்ரிம் பட்டனை அமத்திக்கொண்டு திரும்பி, திரும்பிய பிறகு விட்டால்தான் புது நிலையை ஒப்புக்கொள்ளும். சண்டை என்று நாங்கள் சொல்வது அதன் பக்கத்தில் இருந்து பார்த்தால் விசுவாசம்.

இரண்டாவது முடிச்சு ஜொய்ஸ்டிக்கில். உண்மையான ஹெலியில் சாய்க்கிற தடி நடுவுக்குத் திரும்பி வராது. ட்ரிம் பட்டனை அமத்தினால் பிடி தளரும். வேண்டிய இடத்தில் வைத்து விட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். வீட்டில் இருக்கிற ஜொய்ஸ்டிக்குக்கு உள்ளே ஸ்பிரிங் இருக்கு. கையை விட்டால் நடுவுக்கு ஓடிவிடும். ஆகவே விளையாட்டில் ஒரு தந்திரம் செய்தார்கள்: ட்ரிம் பட்டனை விட்டதும், ஜொய்ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும்வரை உங்கள் கையின் அசைவைக் கணக்கில் எடுக்காது. இது தெரியாதவன் அந்த நேரத்திலும் தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பான். "ஹெலி என் பேச்சைக் கேட்கவில்லை" என்பான். பாதி முறைப்பாடு இந்த ஒரு ஸ்பிரிங்கால் வருவதுதான் என்பது எங்கட கணிப்பு. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது முடிச்சுத்தான் ஆழமானது. ஹெலியை நிலைப்படுத்துகிற கருவிக்கு முழு அதிகாரத்தைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. கருவி பழுதாகித் தப்பாக இழுத்தால் விமானி தன் கைப்பலத்தால் அதை மீற முடிய வேணும். அதனால் தடியின் முழு அசைவில் ஒரு சின்னப் பங்கை மட்டுமே வேகமாக அசைக்க அதற்கு விடுவார்கள். பல ஹெலிகளில் பத்தில் ஒன்று. கா-50 இல் ஐந்தில் ஒன்று. அந்த எல்லைக்குள் அது கெட்டிக்காரன். எல்லையைத் தொட்டதும் அதனிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. திரையில் "நல்லாப் பறந்துகொண்டிருந்தது, திடீரென்று சாய்ந்தது" என்று தெரிவது இதுதான். அது திடீரென்று நடந்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முழுப் பலத்தையும் செலவழித்துப் பிடித்துக்கொண்டிருந்தது, நாங்கள் பார்க்கவில்லை.

இதுவரை சொன்னதில் சிமியுலேட்டர் பொய் சொல்லவில்லை. அது சொல்கிற பொய் வேறொன்று, அதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டுக் கணினியில் ஹெலி ஓட்டுகிறவனுக்கு மிகக் கஷ்டமானது ஓரிடத்தில் மிதந்து நிற்பது. முதுகில் அசைவு தெரியாது, கண்ணோரத்தில் நிலம் தெரியாது, சின்னத் திரை ஒன்றுதான். ஆனால் மேகத்துக்குள் போவது அவனுக்கு மிகச் சுலபம்! வெளியே வெள்ளை, உள்ளே கருவிகள், கதிரை ஆடாது, ஊசியைப் பார்த்து ஓட்டினால் சரி. நிசத்தில் இது தலைகீழ். பழகிய விமானிக்கு வெளிச்சத்தில் மிதந்து நிற்பது மூச்சு விடுகிற மாதிரி. மேகம்தான் ஆளைக் கொல்லும். உட்காதில் இருக்கிற திரவம் மெதுவான திரும்பலை உணராது. திரும்பி முடிந்த பிறகு, எதிர்ப்பக்கம் திரும்புவதாகச் சொல்லும். கருவி ஒன்று சொல்லும், உடம்பு இன்னொன்று சொல்லும், உடம்பை நம்பாமல் இருப்பதற்கு வருசக்கணக்கில் பயிற்சி வேணும். லிங்கின் பெட்டியை இராணுவம் வாங்கியதும், கடலுக்கு மேலே ஒட்டோபைலட் வந்ததும் இந்த இருட்டுக்காகத்தான். வீட்டுச் சிமியுலேட்டரில் அந்த இருட்டு மட்டும் பல்லில்லாத பாம்பு. அதனால் மேகத்துக்குள் ஒட்டோபைலட்டைத் தேடாமல், மிதந்து நிற்கையில் அதைத் தேடிக் கொஞ்சுகிறோம்.

இதற்கு எங்கட மொழி பேசுகிற மலையிலேயே ஓர் உதாரணம் இருக்கு. 2021 டிசெம்பர் 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் சூலூரில் இருந்து வெலிங்டனுக்குப் போன இந்திய விமானப்படையின் எம்ஐ-17வி5, குன்னூருக்குப் பக்கத்தில் நீலகிரிச் சரிவில் மோதியது. முப்படைத் தளபதி பிபின் ராவத்தும் அவருடைய மனைவியும் உட்படப் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் அன்றே, தப்பிய ஒருவரும் ஒரு வாரத்தில் இறந்தார். 2022 ஜனவரியில் விசாரணை முடிவைச் சொன்னார்கள்: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் மேகத்துக்குள் போய், விமானிக்கு இடம் திசை குழம்பி, கட்டுப்பாட்டில் இருந்த ஹெலியே மலையில் மோதியது. கட்டுப்பாட்டில் இருந்த ஹெலி என்ற அந்தச் சொல்லைத் திரும்ப வாசியுங்கள். எம்ஐ-17 இல் ஒட்டோபைலட் உண்டு. ஆனால் அது நிலையைப் பிடிக்கும், உயரத்தைப் பிடிக்கும். முன்னால் மலை இருக்கு என்று அதற்குத் தெரியாது.

ஒட்டோபைலட் சரியாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே நடந்த விபத்தும் இருக்கு. 2013 ஓகஸ்ட் 23, ஸ்கொட்லாந்தின் ஷெட்லண்ட் தீவில் சம்பரோ விமான நிலையத்தை நோக்கி, எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளரோடு ஒரு சூப்பர் பூமா இறங்கிக்கொண்டிருந்தது. தாழ்ந்த மேகம். ஒட்டோபைலட்டிடம் இறங்கும் வேகத்தை மட்டும் கொடுத்திருந்தார்கள்; இடது கைத் தடி, அதாவது பலம், விமானியின் பொறுப்பு. பலம் குறைவாக இருந்தது. ஒட்டோபைலட் என்ன செய்யும்? சொன்ன அளவில்தான் இறங்க வேணும். அதற்கு அதன் கையில் இருப்பது மூக்கு மட்டும். மூக்கை மெல்ல மெல்ல உயர்த்தியது. மூக்கு உயர முன்னோக்கிய வேகம் குறைந்தது, குறையக் குறைய நிற்க இன்னும் பலம் தேவைப்பட்டது. யாரும் வேகமானியைப் பார்க்கவில்லை. கடலில் விழுந்தது, பதினெட்டுப் பேரில் நாலு பேர் இறந்தார்கள். "உயரத்தைப் பிடி என்றேன், வேகத்தை விட்டுட்டுது" என்று பாலாவியில் ஒரு பொடியன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்புகிறானே, அதே சங்கதிதான். அவன் ரீஸ்டார்ட் அடிக்கிறான். இப்போதைய எச்145 மாதிரி ஹெலிகளில் ஒட்டோபைலட் இடது கைத் தடியையும் சேர்த்து நாலு அச்சிலும் ஓட்டும். அதன் சிமியுலேட்டர் வடிவத்திலும் அதை நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். அதிலும் எந்தத் தடியை யார் பிடித்திருக்கிறார் என்பதைத் திரையின் மேல் விளிம்பில் சின்ன எழுத்தில்தான் காட்டும்.

எங்கட சிபாரிசு எம்ஐ-8 ஓட்டிப் பார்ப்பது. டி.சி.எஸ். இல் 2013 இல் வந்த எம்ஐ-8எம்டிவி2, எங்கட விமானப்படையின் எம்ஐ-17 இன் உடன்பிறப்பு; சத்தமும் கிட்டத்தட்ட அதே. அதன் ஒட்டோபைலட் பழைய ஆள், பெயர் ஏபி-34பி. அதில் இரண்டு விசயம் இருக்கு. உண்மையான ஹெலியில் பெடலுக்குள் சின்ன ஸ்விட்ச் உண்டு. விமானி காலை வைத்து அமத்தியதும், இவன் திரும்பப் போகிறான் என்று எடுத்துக்கொண்டு ஒட்டோபைலட் திசையை விட்டுவிடும். காலை எடுத்தால் திரும்பப் பிடிக்கும். மேசையில் இருக்கிற முறுக்குகிற ஜொய்ஸ்டிக்குக்குக் கால் எங்கே இருக்கு என்று தெரியாது. அதனால்தான் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அதன் மூக்கு சொல்லாமல் அலைகிறது.

மற்றது, ஒட்டோபைலட் பலகையில் இருக்கிற சின்ன ஊசிகள். ஒவ்வொரு அச்சுக்கும் ஒன்று. நடுவில் நின்றால் ஒட்டோபைலட் சும்மா இருக்கு. ஒரு பக்கம் நகர்ந்தால் அவ்வளவு பலத்தை ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருக்கு. கடைசி விளிம்புக்குப் போய்விட்டால் அதனிடம் இனி ஒன்றும் இல்லை. நல்ல எம்ஐ-8 விமானி ஹெலியை மட்டும் ஓட்டுவதில்லை. இடையிடையே அந்த ஊசிகளைப் பார்த்து, ட்ரிம் செய்து, அவற்றை நடுவுக்குக் கொண்டுவந்து விடுவான். புதிய இயந்திரங்கள் பலவற்றில் இதைக் கொம்பியூட்டரே செய்துவிடுகிறது, ஊசியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பொடியன்மாரே, கற்பிட்டிக் கரைக்கு மேலே உயரப் பட்டனைப் போட்டுவிட்டு ஒரு தடவை வெளியே பார்க்காமல் அந்த ஊசியை மட்டும் பாருங்கள். காற்று அடிக்க அடிக்க அது எப்படி விளிம்பை நோக்கி ஊர்கிறது என்று தெரியும். ஹெலி அப்போதும் ஆடாமல் அசையாமல்தான் போய்க்கொண்டிருக்கும்.